இணைப்பு என்ற பெயரில் கடதாசி

"இப்ப எல்லாம் ஒன்லைன்தானே தம்பி" என்று சொல்பவர்களை ஒருநாள் திருமலையில் உள்ள ஒரு கிளியரிங் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசை. சீனக்குடாப் பக்கம் கப்பலில் கோதுமை வருகுது, சீமெந்துக்குக் கிளிங்கர் வருகுது. கூடவே கடதாசியும் வருகுது, பி.டி.எஃப். வேஷத்தில்.

நடக்கிறது இதுதான். வெளிநாட்டு விற்பனையாளரின் கணினியில் இன்வொயிஸ் தரவாகவே கிடக்கு. அதைப் பிரிண்ட் எடுத்து, சீல் அடித்து, ஸ்கேன் பண்ணி அனுப்புகிறார்கள். இங்கே எங்களில் ஒருத்தர் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்கிறார். பிறகு அதே படத்தை இணைப்பாகப் போடுகிறார். மங்கலான ஸ்கேனில் 8, 3 ஆகத் தெரிந்தால் திருத்தம், தாமதம், தண்டம். ஏச்சு மட்டும் தட்டச்சு செய்த பெட்டைக்கு.

நிறுவனங்களுக்கிடையிலான மின்னணுத் தரவுப் பரிமாற்றம், அதாவது ஈ.டி.ஐ., வந்ததே இந்தத் திரும்பத் தட்டுகிற வேலையை ஒழிக்கத்தான். 1948இல் பெர்லினுக்கு விமானத்தில் சாமான் ஏற்றியபோதே, சரக்குப் பட்டியலை ஒரே அமைப்பில் டெலெக்ஸில் அனுப்பப் பழகிவிட்டார்கள். 1987இல் ஐ.நா.வின் எடிஃபாக்ட் நியமம் வந்தது. படமாகவே போகவேண்டியவையும் உண்டுதான்: சேதமடைந்த சரக்கின் போட்டோ, ஆய்வுகூட அறிக்கை. அதற்கும் எடிஃபாக்டின் 4ஆம் பதிப்பில் இடம் வைத்திருக்கிறார்கள். யூ.என்.ஓ. என்று தொடங்கி யூ.என்.பி. என்று முடியும் பகுதிக்குள் கோப்பை வைக்கலாம். (நம்ம ஊர்க் கட்சி இல்லை, பயப்படாதீங்கோ.) எந்தச் செய்திக்குரிய கோப்பு என்பது அதிலேயே கட்டப்பட்டிருக்கும். நாங்களோ "ஸ்கேன்0047" என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்ததை எந்தக் கப்பலுக்குரியது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

"ஒறிஜினல் இல்லாட்டி கள்ளம் நடக்கும்" என்பார்கள். ரப்பர் சீல் எந்தச் சந்தியிலும் வெட்டலாம். டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்பில் ஒரு இலக்கத்தை மாற்றினாலும் உடனே பிடிபடும். மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஆவணத்தைத் தள்ளமுடியாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையும் துணை ஆவணங்களின் மின்னணுப் பிரதியை ஏற்க முயலச் சொல்கிறது. "முயல" என்ற அந்தச் சொல்லுக்குள்தான் எல்லாரும் ஒளிந்திருக்கிறார்கள்.

பில் ஒப் லேடிங் வேறு கதை, ஒத்துக்கொள்கிறோம். "கட்டளைப்படி" என்று எழுதின தாளென்றால் அது யார் கையிலோ அவருக்குத்தான் சரக்கு. அதைக் காட்டி இன்வொயிஸையும் பெக்கிங் லிஸ்ட்டையும் கடதாசியாகவே வைத்திருப்பது சோம்பல்.

முதலாளிமாரே, சுங்கம் மாறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பி.டி.எஃப். கேட்கிற அதே மின்னஞ்சலில் அதற்குப் பின்னால் இருக்கிற எக்செல் கோப்பையும் கேளுங்கோ. அது அவர்களிடம் இருக்கு.