ஊழியரையும் கேளுங்கள்

ஹைதராபாத்தை அடுத்த ராஜேந்திரநகரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, ஒரு ஸ்தாபனம் எத்தனை மாறுதல்களைக் காண நேரும் என்பதற்கு நல்ல உதாரணம். 1964-ல் அது ஆந்திரப் பிரதேசம் முழுமைக்கும் ஒரே வேளாண்மைப் பல்கலைக்கழகமாகத் தோன்றியது. 1996-ல் ஆச்சார்ய என்.ஜி. ரங்காவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கால்நடைக் கல்வி 2005-லும், தோட்டக்கலை 2007-லும் தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தன. 2014 ஜூன் 2-ல் தெலங்கானா மாநிலம் உதயமானதைத் தொடர்ந்து எஞ்சியதும் இரண்டாயிற்று. ராஜேந்திரநகர், பேராசிரியர் ஜெயசங்கர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் தலைமையிடமாயிற்று. ரங்கா பெயரிலான பல்கலைக்கழகம் குண்டூரை அடுத்த லாமுக்குச் சென்றது. 1980-களில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஒருவர், ஓய்வு பெறுவதற்குள் இத்தனையையும் பார்த்திருப்பார்.

இந்த மாறுதல்கள் தேவையா, இல்லையா என்று வாதிடுவது நமது நோக்கமல்ல. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் கூறப்பட்டது. ஆனால், மாறுதலைக் கடைசியில் சுமக்க வேண்டிய ஊழியர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதை நிர்வாகங்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியில் இந்தக் குறை பெரிதும் உறுத்துகிறது.

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டதை வயலுக்குக் கொண்டுபோவதும், வயலில் விவசாயி படும் சிரமத்தை ஆராய்ச்சியாளரிடம் கொண்டுவருவதும் விரிவாக்க ஊழியரின் வேலை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது என்பது தமிழர்களுக்குப் பெருமை. இன்று நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. இவற்றின் முதல் கட்டடமல்ல. ஊழியருக்கும் விவசாயிக்கும் இடையே பல பருவங்களில் வளர்ந்த நம்பிக்கையே.

அரசின் விரிவாக்க முறையும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1970-களின் நடுவில் உலக வங்கியின் ஆதரவுடன் 'பயிற்சியும் பார்வையிடலும்' என்ற முறை வந்தது. குறித்த நாளில் குறித்த கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் விதி. பிறகு அது கைவிடப்பட்டது. 1998-ல் ஆந்திரம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் சில மாவட்டங்களில், விவசாயிகளையும் பல இலாகாக்களையும் ஒன்றுசேர்க்கும் 'ஆத்மா' முறை சோதனையாகத் தொடங்கியது. 2005-லிருந்து அது நாடெங்கும் விரிந்தது. விவசாயியின் கருத்தைக் கேட்டுத் திட்டமிடுவது நல்ல மாறுதல்தான். அதே மரியாதை ஊழியருக்கும் கிடைக்க வேண்டாமா?

மாறுதல் உத்தரவு வந்ததும் ஊழியர் கேட்கும் கேள்விகள் எளியவை. நான் எந்த ஊருக்குப் போவேன்? யாருக்குக் கீழ் வேலை செய்வேன்? என் சீனியாரிட்டி என்னாகும்? பென்ஷனை யார் தருவார்கள்? பல்கலைக்கழகம் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இக்கேள்விகள் மேலும் சிக்கலாகின்றன. நிதி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலிடமிருந்து வருகிறது. நிர்வாகமோ பல்கலைக்கழகத்தின் கையில். இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் நிற்பவர் விளக்கம் கேட்டால், அதை எதிர்ப்பு என்று எண்ணுவது நியாயமாகாது.

செகந்திராபாத்தில் உள்ள நமது வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1966 அக்டோபர் 2-ல் தென்மத்திய ரயில்வே அமைந்தபோது, விஜயவாடா, ஹூப்ளி டிவிஷன்கள் தெற்கு ரயில்வேயிலிருந்து பிரிந்து வந்தன. எந்தப் பட்டியலில் தம் பெயர் இருக்கும் என்ற கவலையை அன்றைய ரயில்வே குடும்பங்கள் நன்கு அறியும்.

ஊழியர் சொல்வதெல்லாம் சரி என்று நாம் கூறவில்லை. பழக்கம் விட்டுப்போகுமே என்பதற்காகவே புதியதை வெறுப்பவர்களும் உண்டு. ஆனால், உண்மையான கவலை எது, வெறும் பிடிவாதம் எது என்பது கேட்டால்தானே தெரியும்? மேலிடத்தில் அறியாத பல விஷயங்கள், தினமும் கிராமத்துக்குப் போய்வருபவருக்குத் தெரியும்.

ஆகவே, இனி எந்தப் பல்கலைக்கழகமாயினும் விரிவாக்கப் பணியைத் திருத்தியமைக்குமுன் சில காரியங்களைச் செய்ய வேண்டும். உத்தேசத் திட்டத்தையும் சீனியாரிட்டிப் பட்டியலையும் முன்கூட்டியே வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தர வேண்டும். சாகுபடிப் பருவத்தின் நடுவில் ஊழியரை மாற்றக்கூடாது. போகிறவர் தம் கிராமங்களைப் பற்றிய குறிப்புகளை வருபவரிடம் நேரில் ஒப்படைக்க வழி செய்ய வேண்டும். கீழ்நிலைச் சிப்பந்திகளும் கலந்துகொள்ளும் கூட்டங்களைக் கூட்ட வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. இவற்றைச் செய்யாவிட்டால் நஷ்டம் ஊழியரோடு நிற்காது. பூச்சி விழுந்த பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அதிகாரியைத் தேடி வரும் விவசாயியே அந்த நஷ்டத்தை முதலில் அனுபவிப்பார். இதை நிர்வாகங்கள் உணர வேண்டும்.