பண்டமாற்று நாள் நடத்துவோம்!



உங்கள் லயத்து வீட்டின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பிள்ளை வளர்ந்ததும் ஓரங்கட்டிய தொட்டில் கம்பி, சிறுத்துப்போன பள்ளிச் சீருடை, கல்யாணத்துக்கு வந்த மூன்றாவது சோற்றுப்பானை, ஒரு கால் ஆடும் நாற்காலி. "கிடக்கட்டும், என்னைக்காவது உதவும்" என்கிறோம். அந்த 'என்னைக்காவது' வருவதே இல்லை. மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசுவுக்குத்தான் உதவுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு வளர இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுங்கூட!

அதே வேளையில், நாலு வீடு தள்ளிப் புதுக்குடித்தனம் வந்த தம்பதியர் அதே மாதிரிச் சோற்றுப்பானையைத் தவணைக்கு வாங்குகிறார்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது உண்மைதான். தவணைக்காரர் வாசலில் நின்றால் அந்தக் காசு எத்தனை நாள் தங்கும்?

"சும்மா கொடுத்துட வேண்டியதுதானே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். என் அக்காள் ஒன்றாம் படிவம் போனபோது, பக்கத்து லயத்து அம்மா நல்ல மனசோடு ஒரு சீருடை கொடுத்தார். பள்ளியில் அந்த வீட்டுப் பெண், "இது என்னோட சட்டை" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அக்காள் சாப்பிடவில்லை. மறுநாளே அம்மா கடன் வாங்கிப் புதுசு எடுத்தார்.

தானம் வாங்கினால் தலை குனிகிறது. மாற்றிக்கொண்டால் குனிவதில்லை. ஆகவேதான் சொல்கிறேன், தோட்டந்தோறும் ஒரு பண்டமாற்று நாள் வேண்டும்.

சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிறு, கோயில் மண்டபம். நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு சாமான் கொண்டு வந்தால் ஒரு சீட்டு. சின்னதுக்கு வெள்ளைச் சீட்டு, பெரியதுக்குச் சிவப்பு. சீட்டைக் கொடுத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எது யார் வீட்டுப் பொருள் என்று எழுதவும் கூடாது, கேட்கவும் கூடாது. கொடுக்க ஒன்றுமில்லாதவர் மண்டபத்தைக் கூட்டட்டும், தேநீர் கலக்கட்டும், ஒரு கட்டுக் கீரை கொண்டு வரட்டும். அவருக்கும் சீட்டு உண்டு. காசு மட்டும் கை மாறக் கூடாது.

துணியைத் துவைத்துக் கொண்டு வாருங்கள். மின்சாரச் சாமானை அங்கேயே போட்டுக் காட்டுங்கள். விழுந்து அடிபட்ட ஹெல்மெட், பழைய கேஸ் குழாய், மிச்ச மருந்து வேண்டவே வேண்டாம். இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் கூப்பிடுங்கள். வெறுங்கையோடு வந்தவர்களுக்குத்தான் சட்டி பானை அதிகம் தேவை. ஓய்வு பெற்று, தோட்ட வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சின்ன அடுக்குமாடிக்குப் போகும் பெரியவருக்கும், தன் அலமாரி ஒரு நல்ல வீட்டுக்குப் போகிறதே என்ற நிம்மதி கிடைக்கும்.

"பழசு வீட்டுக்கு ஆகாது" என்பார் சிலர். கடன் மட்டும் வீட்டுக்கு ஆகுமா?

தோட்டத் துண்டாடலால் நம்மவர் தவித்த காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கிய சமுதாயம் இது. ஒரு சோற்றுப்பானையைக் கைமாற்றிக்கொள்ள நம்மால் முடியாதா?

இன்றைக்கே பின்பக்கத்தை ஒழிக்கத் தொடங்குங்கள்!