கறிவேப்பிலைக்கு வந்த விருந்தாளி



ஊரைப் பிரிந்து மும்பைக்கு வந்த நம்மவர் இல்லங்களில் கறிவேப்பிலைச் செடி ஒன்றைப் பெரும்பாலும் காணலாம். சயானில் எங்கள் வீட்டுப் பால்கனித் தொட்டியிலும் ஒன்று உண்டு. சென்ற புரட்டாசியில் ஒரு நாள், ரசத்துக்கு இலை பறிக்கச் சென்ற என் மனைவி, "செடியைப் புழு அரித்துவிட்டது, மருந்து தெளியுங்கள்" என்றாள். நான் குப்பியை எடுத்தேன். எங்கள் இளைய மகளோ, "இந்தச் செடியை விட்டால் அது வேறெங்கே போய்ச் சாப்பிடும், அப்பா?" என்று கேட்டாள்.

குழந்தை அறியாமல் கேட்டது முற்றும் உண்மை. அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, கறிவேப்பிலை முதலிய ஒரே குடும்பத்துச் செடிகளே அதற்கு உணவு. தாய்ப்பூச்சி தன் கால்களால் இலையைத் தட்டிச் சுவை அறிந்த பின்னரே, கடுகினும் சிறிய முட்டையைத் தளிரில் இடுகிறது. இளம்புழு பறவையின் எச்சம்போல் தோன்றிப் பகையை ஏமாற்றும். வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சை நிறம் பெறும். தொட்டாலோ, தலையின் பின்னிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடி வீசும்!

மருந்து தெளிப்பதை விடுத்தோம். சிறு தொட்டி பல புழுக்களைத் தாங்காது. ஆகவே இரண்டை வைத்துக்கொண்டு, ஏனையவற்றை அண்டை வீட்டு எலுமிச்சையில் சேர்த்தோம். பின்னர் அவை இடுப்பில் பட்டிழை கட்டிக் கூட்டுப்புழுவாயின. ஒரு காலை, ஈரச் சிறகு உலர்த்திய பூச்சியைக் கண்டோம். கரிய சிறகில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். பின்சிறகில் ஒரு செம்பொட்டு. அது சயான் கோட்டைக் குன்றின் திசையில் பறந்து மறைந்தது.

பகலோடு இக்காட்சி முடிவதில்லை. நந்தியாவட்டை, அரளி ஆகியவற்றின் இலைகளை உண்டு வளரும் பச்சை நிறப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று, அந்தி மயங்கியபின் பூக்களில் அமராமலே அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சும். அதைக் காண விரும்புவோர் பால்கனி விளக்கை அணைத்துவிட வேண்டும். விளக்கொளி அந்துப்பூச்சிகளின் வழியைக் குழப்பிவிடும்.

இந்தியாவிலேயே முதன்முதலாகத் தனக்கென ஒரு வண்ணத்துப்பூச்சியை 2015-இல் அறிவித்தது மகாராஷ்டிரம். 'புளூ மார்மன்' எனும் அந்தக் கருநீல அழகியின் புழுவும் எலுமிச்சைக் குடும்பத்தையே நாடுவது. தமிழ்நாடு 2019-இல் 'தமிழ் மறவன்' என்பதைத் தேர்ந்தது. நம் அருகிலேயே, தாராவியை அடுத்த 37 ஏக்கர் குப்பைமேடு மரங்கள் நட்டு வளர்க்கப்பெற்று, 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பைமேட்டுக்கே சிறகுகள் திரும்பிவரும் எனில், நம் தொட்டிக்கு வாராவோ?

எங்களுக்கு நேர்ந்த நஷ்டம், சில வாரம் மாட்டுங்கா கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கியதே. செடி மீண்டும் தழைத்துவிட்டது. மகள் நாள்தோறும் தளிர்களைப் புரட்டி முட்டை தேடுகிறாள்.