ஒரு பிள்ளை ஜெயிச்சதைக் காட்டி மத்த பிள்ளைகளைத் திட்டாதீங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பேப்பர்ல ஒரு போட்டோ தவறாம வரும். பட்டாசுத் தொழிலாளி மகள் சாதனைன்னு தலைப்பு, அம்மா இனிப்பு ஊட்டுற படம். பட்டணத்துல இருக்கிற நீங்க அதை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, "மனசு இருந்தா வறுமை ஒரு தடையா?"ன்னு எழுதுறீங்க. அந்தப் பிள்ளையை நானும் பாராட்டுறேன். ஆனா உங்க கேள்விக்கு என் பதில், தடைதான்.

எப்படின்னு சொல்றேன். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் தீபாவளி முடிஞ்சா பட்டாசு ஆலைகள் வாரக்கணக்குல மூடிக்கிடக்கும். அது மழைக்காலமும் கூட. ஈரத்துல மருந்து வேலை ஓடாது. கூலி நின்னுபோகும், மளிகைக் கடையில பாக்கி ஏறும். சரியா அந்த நேரத்துலதான், டிசம்பர்ல, அரையாண்டுப் பரீட்சை வருது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை காட்டுக்குக் களையெடுக்கப் போகும், இல்லேன்னா அம்மா வேலைக்குப் போனபிறகு தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கும். மார்க் குறைஞ்சா "படிப்புல நாட்டம் இல்ல"ன்னு எழுதிடுறோம். பசிக்கு மார்க் ஷீட்ல ஏது கட்டம்?

18 வயசு ஆகாதவங்களை ஆபத்தான வேலையில சேர்க்கக் கூடாதுன்னு 2016-ல சட்டத்தைத் திருத்தினாங்க. ரொம்பச் சரி. ஆனா அந்தப் பிள்ளை கொண்டுவந்த காசுக்கு வீடு எங்க போகும்? இதை உச்ச நீதிமன்றமே 1996-ல, சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்குல யோசிச்சது. பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டணும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருத்தருக்கு அரசு வேலை கொடுக்கணும், முடியலேன்னா 5,000 ரூபாய் போடணும்னு தீர்ப்பு சொன்னது. வீட்டு வருமானத்தைத் தொடாம பள்ளிக்கூடத்தை மட்டும் பேசுறது வீண்னு நீதிபதிகளுக்கே புரிஞ்சிருக்கு.

இப்ப திட்டங்களைப் பாருங்க. 2022-ல வந்த காலை உணவு அஞ்சாம் வகுப்போட நிக்குது. மதிய உணவு பத்தாம் வகுப்போட நிக்குது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் கிடைக்கிறது காலேஜுல சேர்ந்த பிறகு. நல்ல திட்டங்கள்தான், குறை சொல்லல. ஆனா வேலைக்குப் போகலாமான்னு ஒரு வீடு யோசிக்கிற வயசு 14 முதல் 17. அந்தப் பிள்ளைக்குத் தட்டும் காலி, பையும் காலி. பாலத்துக்கு இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் தூண் நிறுத்திட்டு, நடுவுல ஆத்துல விழுந்த பிள்ளையைப் பார்த்து "உனக்கு நீந்தத் தெரியல"ங்கிறோம்.

வறுமையால ஆறாம் வகுப்போட படிப்பை விட்ட விருதுநகர்க்காரர்தான் காமராஜர். முதலமைச்சரானதும் அவர் ஏழைப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லிக்கிட்டு இருக்கல, சோறு போட்டார்.

நான் கேக்குறது மூணு. காலை உணவும் மதிய உணவும் பன்னிரண்டாம் வகுப்பு வரை வரணும். அந்த 1,000 ரூபாய் ஒன்பதாம் வகுப்புல இருந்தே மாசாமாசம் வரணும். ஆலை மூடுற மாசங்கள்ல தொழிலாளி வீட்டுக்கு நிவாரணம் வேணும். அடுத்த ரிசல்ட் அன்னைக்கு அந்தப் போட்டோவை அனுப்புறப்போ, இந்த மூணையும் கூடவே எழுதி அனுப்புங்க.