பட்டாபிராம் டைடல் பார்க்: காதுகேளாதோருக்கு வேலை கிடைக்குமா?

பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. வீட்டுப் பக்கத்திலேயே ஐடி வேலை. காதுகேளாத பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் காதுகேளாதோருக்கு. தனியார் கதையே வேற. ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்க, நிறுவனங்களுக்கு அரசு ஊக்கச்சலுகை தரணும், அவ்வளவுதான். சேர்த்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

படித்தவர்கள் இல்லாமலும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் காதுகேளாதோருக்கென்றே பி.காம்., பிசிஏ இருக்கிறது. ஆனால் இன்டர்வியூவில் சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லையென்றால் முதல் கேள்வியிலேயே சிக்கல். (கேள்வியை எழுதிக் காட்டினாலே பாதி தீரும்.)

கட்டடம் அரசு சார்ந்த டைடல் நிறுவனத்துடையது. வாடகைச் சலுகையோடு அந்த 5 சதவீதத்தை இணைப்பது அரசின் கையில்தான் இருக்கிறது.