குளிர் நாளும் எண் விளையாட்டும்

மார்கழி பிறந்துவிட்டது. டில்லியில் வாழும் நமக்கு மார்கழி என்றதும் விடியற்காலை மூடுபனியும், பெட்டியினின்று வெளிவரும் கம்பளி உடைகளும், தள்ளுவண்டியில் குவித்த வேர்க்கடலையின் உச்சியில் கனல் புகையும் மண்சட்டியுமே நினைவுக்கு வரும். ஜனவரியில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. வெளியே ஓடியாட இயலாத சிறுவர்கள் வீட்டினுள் அன்னையரின் பொறுமையைச் சோதிப்பர். அந்நாட்களில் நாலைந்து வயதுக் குழந்தைகளோடு ஆடத்தக்க எண் விளையாட்டுகள் சிலவற்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு செய்தி. நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்திற்குச் சென்ற குளிர்காலத்தில் ஊரிலிருந்து பாட்டியார் வந்திருந்தார். கண்புரை அறுவை முடிந்த புதிது. மின்தூக்கியின் பொத்தான்கள் சரியாகத் தெரியவில்லை. "நம் வீடு எத்தனையாவது மாடி, கண்ணா?" என்று ஐந்து வயதுப் பேரனைக் கேட்டார். "சார்" என்றான் அவன். "என்னைப் போய் சார் என்கிறாயே!" என்று பாட்டியார் நகைத்தார். கேட்ட நாமும் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில் அச்சிரிப்பு நிலைக்கவில்லை. 4 என்னும் வடிவத்தைப் பாட்டியார் அறிவார், பேரனும் அறிவான். அதன் பெயரில் அன்றோ இருவரும் பிரிந்து நின்றனர்! இதற்குப் பள்ளியைக் குறை கூறுவது பொருந்தாது. பள்ளி தனக்குரிய மொழிகளில் கற்பிக்கிறது. 'நாலு' என்னும் சொல்லை அவனுக்கு யார் கூறியிருக்க வேண்டும்?

ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குழந்தையைக் கண்டு நாம் மகிழ்ந்துவிடுகிறோம். ஒப்பிப்பது வேறு, 7 என்னும் வடிவைக் கண்டதும் 'ஏழு' என்பது வேறு, ஏழு கடலைகளை எண்ணி எடுத்து வைப்பது இன்னும் வேறு. இம்மூன்றும் ஒருங்கு கூடும்போதே எண் குழந்தைக்கு வசப்படுகிறது.

இதற்குத் தலைநகரின் குளிரே நல்ல துணை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே காலை வெப்பநிலை பெரும்பாலும் பத்து டிகிரிக்குள் அடங்கிவிடும். நமக்கு நடுக்கம், குழந்தைக்கோ அளவான பாடம்! காலைச் செய்தித்தாளில் அன்றைய குறைந்த வெப்பநிலை இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். 7.4 என்றிருந்தால் புள்ளிக்கு முன்னுள்ளதை மட்டும் கொள்க. குழந்தை அதைப் பென்சிலால் வட்டமிட்டு, 'ஏழு' என்று உரக்கக் கூறி, தோட்டோடு கூடிய ஏழு வேர்க்கடலைகளை வரிசையாக வைக்கட்டும். வைத்தவை அதற்கே உரியவை. குளிர் மிகுந்தால் கடலை குறையும் என்பதை இரண்டே நாளில் குழந்தை கண்டுபிடித்துவிடும். 2021 ஜனவரி முதல் நாளில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நாளில் ஒரே ஒரு கடலைதான்! அழுகை வரும். ஆயினும் ஒன்று என்பது எவ்வளவு சிறிது என்பதை அதைவிடத் தெளிவாக நாம் விளக்க இயலாது. நேற்றைய வரிசையை எடுக்காமல் வைத்திருந்தால், எந்நாள் குளிர் மிகுதி என்று இரண்டையும் ஒப்பிடவும் கற்கும்.

ஓர் எச்சரிக்கை. நான்கு வயது நிரம்பாத தம்பி தங்கையர் வீட்டில் இருந்தால் கடலை அவர்கள் கைக்கு எட்டலாகாது. பருப்பு மூச்சுக்குழலில் சிக்குதல் பெருந்தீங்கு. அங்கே சட்டைப் பொத்தான்களைக் கொண்டு ஆடுவதும் ஆகாது. கிச்சிலிப்பழங்களை முழுதாக வைத்து ஆடலாம்.

சன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதினால் படியும் ஆவி மற்றொரு பலகை. அதில் விரலால் ஓர் எண்ணை எழுதுங்கள். அது மறையுமுன் குழந்தை பெயர் கூற வேண்டும். பின்னர் குழந்தை எழுத, நாம் கூற வேண்டும். நாம் வேண்டுமென்றே 6ஐ 9 என்று பிழையாகக் கூறினால் அது துள்ளிக் குதித்துத் திருத்தும். 3, 7 முதலியவற்றைக் குழந்தை இடம் வலம் மாற்றி எழுதினால் சினக்க வேண்டா. இவ்வயதில் அது இயல்பே.

மார்கழிக் கோலத்தை மறந்துவிடலாமா? வாயிற்படிக்கு முன் இரண்டு சாண் இடமே உள்ள அடுக்கு வீட்டிலும் ஏழு புள்ளிக் கோலம் போடலாம். நேர்ப்புள்ளியாயின் நடுவரிசையில் 7. அதன் இருபுறமும் 5, 3, 1 எனக் குறைந்து வரும். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் உரிய எண் எழுதிய அட்டையைக் குழந்தை வைக்கட்டும். அட்டையைப் பார்த்துப் புள்ளியை நாம் வைப்போம். அட்டை மாறினால் கோலம் கோணும். கோணிய கோலத்தைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்; நாம் வாய் திறக்கத் தேவையில்லை. புகைமூட்டம் மிகுந்த நாட்களில் வெளியே அமராமல் கூடத்திலேயே கரும்பலகையில் இதைச் செய்க.

பிப்ரவரி முடிவில் காலை வெப்பநிலை பத்தைத் தாண்டும். அதுவே ஈரெண்களுக்குச் செல்ல ஏற்ற காலம். இங்கே தமிழ்ப் பெயர்கள் பெரிதும் உதவும். 21ஐ 'இருபத்தொன்று' என்கிறோம். முதலில் இருபது, பின்னர் ஒன்று, எழுதிய முறையே சொல்லும் முறை. இந்தியில் அது 'இக்கீஸ்'; ஒன்றின் சாயல் முன்னே வருகிறது, ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டையும் குழந்தை கற்கட்டும். நம் வீட்டுப் பெயரைக் கேட்டுப் பழகிய குழந்தைக்கு எழுத்தின் ஒழுங்கு எளிதில் விளங்கும். தொண்ணூறில் தமிழும் சற்றே வழி தவறச் செய்யும். ஆனால் காலை வெப்பநிலை தொண்ணூறைத் தொடப் போவதில்லையாதலால் அத்தொல்லை இப்போது வேண்டா.

அதற்குள் கடலை வண்டிகள் தெருவைவிட்டு மறையத் தொடங்கியிருக்கும். பச்சைப் பட்டாணி அப்போதும் கிடைக்கும். நெற்றை உரிக்குமுன் உள்ளே எத்தனை மணி என்று பாட்டி ஓர் எண்ணும் பேரன் ஓர் எண்ணும் கூறி, பிறகு பிரித்து எண்ணலாம். எண்ணுவது தமிழில் இருக்கட்டும். தோற்றவர் மீதி நெற்றுகளை உரிக்க வேண்டும்.