மேட்ச் முடிந்ததும் பாட்டு!

இங்கிலாந்தில் ஒரு சிறு ஊர். வெள்ளிக்கிழமை இரவு 9 மணி. பப்பின் மூலையில் கிடந்த மேஜையை நகர்த்திவிட்டு, ஒருவர் தன் ஸ்பீக்கரையும் மைக்கையும் மாட்டிக்கொண்டிருக்கிறார். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இன்று பாட்டு இருப்பதே தெரியாது. பீர் குடிக்க, அரட்டை அடிக்க, டி.வி-யில் ஃபுட்பால் பார்க்க வந்தவர்கள். மேட்ச் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போனால், கிடாரும் காத்திருக்க வேண்டியதுதான்.

கையில் ஒரு கிடாருடன் தனி ஆளாகப் பாடும் இப்படிப்பட்டவர்கள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. 45 நிமிடம் பாட்டு, ஓர் இடைவேளை, மறுபடி 45 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. அவர்களில் ஒருவரின் வாரம் எப்படிப் போகும்?

திங்கட்கிழமை தொண்டைக்கு லீவு. வார இறுதி முழுக்க இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பியிருக்கிறாரே! கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டுவதோடு அன்றைய பொழுது சரி.

அடுத்த இரண்டு நாள்கள்தான் முக்கியம். அப்போது அவர் பாடுவதில்லை, கேட்கிறார். காரில், சமையலறையில், ராத்திரி ஹெட்போனில். நாம் கேட்பதுபோல் இல்லை அது. ஒரு முழு பேண்ட் வாசித்ததை ஒரே கிடாரில் கொண்டுவர வேண்டும் என்றால், எதை விடலாம், எதை விடவே கூடாது? டிரம்ஸ் செய்த வேலையை வலது கை செய்ய வேண்டும். சுருதி தன் குரலுக்கு எட்டவில்லையென்றால் இறக்கி, கார்டுகளை மாற்றிப் பழக வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, பிடித்த பாட்டு பிடித்த பாட்டாகவே இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். காரணம், கூட்டத்திலிருந்து வரும் நேயர் விருப்பம். 'கால்வே கேர்ள்' பாடச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். எந்த 'கால்வே கேர்ள்'? 2000-ல் ஸ்டீவ் ஏர்ல் பாடியதா, 2017-ல் எட் ஷீரன் பாடியதா? பெயர் மட்டும்தான் ஒன்று, பாட்டு வேறு. கேட்டவரின் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் தெரிந்திருந்தால் பிழைத்தார்.

தனி ஆளாக ஏன் பாட வேண்டும், ஒரு பேண்ட் வைத்துக்கொள்ளக் கூடாதா? பணம் ஒரு காரணம். தரும் தொகையை நான்கு பேர் பங்கு போட்டால் பெட்ரோலுக்குத்தான் வரும். சட்டத்துக்கும் இதில் பழைய பங்கு உண்டு. இரண்டு பேர் வரை பாடினால் கேளிக்கை லைசென்ஸ் வேண்டாம் என்ற விதி அங்கே பல காலம் இருந்தது. 2003-ல் வந்த சட்டம் அந்தச் சலுகையை எடுத்துவிட, ஒற்றைக் கிடாருக்கும் அனுமதி வேண்டியதாயிற்று. 2012-ல் வந்த நேரலை இசைச் சட்டம்தான் மூச்சுவிட வைத்தது. லைசென்ஸ் உள்ள பப்பில் 200 பேர் வரை கூடினால், இரவு 11 மணி வரை மைக் வைத்துப் பாடத் தனி அனுமதி வேண்டாம். 2015-ல் அந்த வரம்பு 500 ஆனது.

அதே 2015-ல்தான் எட் ஷீரன், பேண்ட் எதுவும் இல்லாமல், லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் மூன்று இரவுகள் பாடினார். ஒரு கிடார், காலடியில் ஒரு லூப் பெடல். வாசித்ததைப் பதிந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெட்டி அது. அவரும் பப்களில் பாடிப் பாடி வந்தவர்தான். 11 வயதில் டப்ளினின் வீலன்ஸ் பப்பில் டேமியன் ரைஸ் பாடியதைக் கேட்டதுதான் தன்னைப் பாட்டு எழுத வைத்தது என்று சொல்லியிருக்கிறார். அங்கேயும் முதலில் கேட்டல்தான்.

நம் பாடகருக்கு வெம்ப்ளி கனவெல்லாம் இப்போது இல்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி நிலைத்தால் போதும். வியாழன் மதியம் பப்பிலிருந்து ஒரு மெசேஜ் வரும்: 'இந்த வாரம் வேண்டாம், சாரி.' அவ்வளவுதான், வாரக் கணக்கில் ஒரு துண்டு விழுந்துவிடும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர் யாரிடம் போய்க் கேட்பது?

இத்தனைக்கும் நடுவே, அவர் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது. அறிவித்துவிட்டுப் பாடினால் ஆபத்து. 'இது நான் எழுதியது' என்றதும் நாலு பேர் பீர் வாங்க எழுந்துவிடுவார்கள். அதனால் எல்லோரும் சேர்ந்து கத்தும் 'ஸ்வீட் கரோலின்' முடிந்த கையோடு, ஒன்றும் சொல்லாமல் ஆரம்பித்துவிடுவார். பேச்சுச் சத்தம் கொஞ்சம் குறைகிறதா என்று மட்டும் காது பார்த்துக்கொண்டிருக்கும். சில இரவுகளில் குறையும். பல இரவுகளில் குறையாது.

ஞாயிறு மதியம் குடும்பங்கள் சாப்பிட வரும் பப்பில் இன்னொரு கச்சேரி. ஸ்பீக்கர் முன்னால் ஆடும் குழந்தைகள், வயரை மிதித்துவிடுவார்களோ என்ற பயம். அது முடிந்து வீடு திரும்பினால், இன்னொரு சின்ன வேலை பாக்கி. பாடலாசிரியர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் பி.ஆர்.எஸ் அமைப்பு அங்கே 1914 முதல் இருக்கிறது. உறுப்பினர்கள் பப்பில் பாடிய சொந்தப் பாட்டையும் அதில் பதிவு செய்யலாம். கிடைப்பது சிறு தொகைதான்.

அவர் லேப்டாப்பைத் திறக்கிறார். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் பாட்டு, எழுதியவர் யார்? கடைசிக் கட்டத்தில் தன் பெயரை டைப் செய்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். போன வாரம் யாரோ கேட்டு, தெரியாது என்று சொன்ன பாட்டு ஒன்று பாக்கி இருக்கிறது.